நொடிக்கு 184 மீட்டர்

சந்தன எண்ணெய்க்கு மணம் தரும் பொருளின் பெயர் சாண்டலால். பதினைந்து கார்பன், இருபத்து நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் சேர்ந்த மூலக்கூறு அது. மோலார் நிறை 220. எண்ணெயை விட்டு ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்ட ஒரு சாண்டலால் மூலக்கூறு, 300 கெல்வினில், அதாவது நம் ஊர்ச் சாதாரண நாளின் வெப்பத்தில், நொடிக்கு ஏறத்தாழ 184 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 660 கிலோமீட்டர். பயணிகள் விமானத்தைவிடக் கொஞ்சம்தான் மெதுவு. அதைச் சுற்றியிருக்கும் நைட்ரஜனின் நிறை 28. அதன் வேகம் 517 மீட்டர். ஹைட்ரஜன் என்றால் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. பாடநூல் இதைச் சராசரி இருமடிமூல வேகம் என்று சொல்லும். நான் வேகம் என்றே எழுதுகிறேன். கணக்கு எளியது. கெல்வின் வெப்பநிலையை மோலார் நிறையால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் போதும். சூடு ஏறினால் வேகம் ஏறும், நிறை ஏறினால் வேகம் இறங்கும், இரண்டுமே மூலத்துக்குள் அடங்கித்தான். பதினோராம் வகுப்பில் இதைப் படிக்காமல் அறிவியல் பிரிவில் யாரும் தேறியிருக்க முடியாது.

மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் வாசனை எண்ணெய் விற்கும் கடைகள் சில உண்டு. சிறுசிறு கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். கடைக்காரர் ஒரு குப்பியின் மூடியைத் திறந்து நம் மணிக்கட்டில் தொட்டு வைப்பார். நமக்கு மணக்கும். பத்தடி தள்ளி வாழைத்தார் விற்கிறவருக்குத் தெரியாது. நொடிக்கு 184 மீட்டர் என்பது உண்மையானால், அந்தக் குப்பியைத் திறந்த நாலைந்து நொடியில் அரண்மனை வாசலில் நிற்கும் காவலருக்கு மணக்க வேண்டும். ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்து வானிலை அறிஞர் பாய்ஸ் பாலட். வாயு மூலக்கூறுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுகின்றன என்று ஜெர்மானியரான ருடால்ஃப் கிளாசியஸ் 1857இல் எழுதினார். மறுவருடமே பாலட் மடக்கினார்: அப்படியானால் அறையில் புகையிலைப் புகை ஏன் அடுக்கடுக்காக அசையாமல் நிற்கிறது? நியாயமான எதிர்வாதம். அறிவியல் வரலாற்றில் இப்படிப்பட்ட எளிய கேள்விகளுக்குக் கிடைக்கும் மரியாதை குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம். கிளாசியஸின் பெயரில் சூத்திரங்கள் இருக்கின்றன. அவரைச் சிந்திக்க வைத்தவரை வானிலைக்காரர்கள் மட்டும், அதுவும் வேறு ஒரு விதிக்காக, நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கிளாசியஸ் கோபப்படவில்லை. 1858இலேயே பதில் எழுதினார். மூலக்கூறுகளுக்கு உருவம் உண்டு, ஆகவே அவை ஒன்றோடொன்று மோதும். இரண்டு மோதலுக்கு இடையே ஒரு மூலக்கூறு தடையின்றிப் போகும் தூரம் மிகச் சிறியது. மைசூர்க் காற்றில் அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. காற்று மூலக்கூறு ஒன்றுக்கு நொடிக்கு அறுநூறு கோடி மோதலுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு மோதலிலும் திசை மாறுகிறது. தசரா ஜம்பு சவாரியன்று சயாஜி ராவ் சாலையில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவன் எவ்வளவு வேகமாகக் கால் வைத்தாலும் எங்கே போய்ச் சேருவான் என்பது அவன் கையில் இல்லை. சாண்டலாலின் நிலையும் அதுதான். ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் போகவில்லை.

எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதையும் கணக்கிடலாம். முட்டி மோதி நகர்வதில் ஒரு கொடுமை இருக்கிறது: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். துளியும் அசையாத காற்றில் சாண்டலால் போன்ற கனத்த மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் விலகிப்போக எடுக்கும் நேரம் பத்து நொடி. பத்து சென்டிமீட்டருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல். ஒரு மீட்டருக்கு ஒரு நாளுக்கும் அதிகம். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரணக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம். முதல் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே மூலக்கூறைப் பற்றியவை, இரண்டுமே சரி.

ஆனால் ஒரு மாதம் யாரும் காத்திருப்பதில்லையே. பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றினால் சில நிமிடத்தில் வாசல்வரை மணக்கிறதே. மத்திய பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் நெடுங்காலம் இருந்த ஒரு செய்முறை இதைத்தான் கேட்கும். பற்றவைக்காத ஊதுபத்தியை வகுப்பறை மூலையில் வை, எவ்வளவு அருகில் போனால் மணம் தெரிகிறது பார். பிறகு பற்றவை, தூரத்திலிருந்தே தெரிகிறதா பார். சூடானால் துகள்கள் வேகமாக விரவுகின்றன என்பது மாணவர் எழுத வேண்டிய விடை. விடை தவறு என்று சொல்லமாட்டேன். செய்முறை அந்த விடைக்குச் சாட்சியாகாது, அவ்வளவுதான்.

ஊதுபத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மூங்கில் குச்சி, கரித்தூள், பசைக்கு ஜிகட் என்ற மரப்பட்டைத் தூள், வாசனை. மைசூரின் பல தெருக்களில் பெண்கள் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து பலகைமேல் வைத்து உருட்டிய பத்திகள்தாம் நாடு முழுக்கப் போயின. 1948இல் ரங்கா ராவ் தொடங்கிய சைக்கிள் பிராண்டு நம் ஊர்ப் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். மைசூர் ஊதுபத்திக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பத்தியின் நுனியில் கனலும் கரி பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கிறது. வாசனைப் பொருள் அந்த நுனியில் எரிந்து போய்விடும். மணம் அங்கிருந்து வருவதில்லை. கனலுக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னால், சூடு ஏறியும் இன்னும் பற்றிக்கொள்ளாத ஒரு சிறு வளையம் இருக்கிறது. அங்கிருந்துதான் வாசனை ஆவியாகிக் கிளம்புகிறது. சூடான காற்று மேலே எழும்பும்போது அதையும் தூக்கிக்கொண்டு போகிறது. புகை ஒரு கோடாக ஏறி, பிறகு கலைந்து சுருள்வதைப் பார்க்கிறோமே, அது காற்றோட்டம். மின்விசிறி, கதவு திறந்து மூடுவது, நாம் நடப்பது எல்லாம் சேர்ந்து அதைக் கூடமெங்கும் கொண்டுசேர்க்கின்றன. கடைசி ஓரிரு மில்லிமீட்டரில், நாசிக்குள் நுழைந்த பிறகு, விரவல் தன் வேலையைச் செய்கிறது. வகுப்பறையில் மாணவன் முகர்வதில் பெரும்பங்கு காற்றின் வேலை. மூலக்கூறின் வேகம் அதில் நேரடியாகத் தெரிவதே இல்லை.

சரி, வெப்பநிலைக்கு வருவோம். மைசூர் அதிகம் சுடாத, அதிகம் குளிராத ஊர். டிசம்பர் விடியலில் 15 டிகிரி, ஏப்ரல் பிற்பகலில் 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். கெல்வினில் 288இலிருந்து 308. மூலம் எடுத்தால் வேகத்தில் ஏற்றம் மூன்றரை விழுக்காடுகூட இல்லை. சாண்டலால் 181 மீட்டரிலிருந்து 187 மீட்டருக்குப் போகிறது. கம்பளியும் மோரும் மாறும் அளவுக்கு நமக்குத் தெரியும் ஒரு பருவமாற்றம், மூலக்கூறின் வேகத்தில் ஆறு மீட்டர்.

ஆனாலும் ஏப்ரலில் எல்லாமே கூடுதலாக மணக்கிறது. சந்தனக்கட்டை வைத்த பீரோவைத் திறந்தால் டிசம்பரில் இல்லாத வாசம் வருகிறது. ஈரத்துணியும் சீக்கிரம் காய்கிறது. மூன்றரை விழுக்காட்டினால் இது நடக்காது. இங்கேதான் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வருகிறார். 1859இல் அபர்டீனில் படித்து மறுவருடம் அச்சிட்ட கட்டுரையில் அவர் காட்டியது, மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பது. பெரும்பாலானவை சராசரியை ஒட்டி இருக்கும், சில மிக மெதுவாக, மிகச் சில மிக வேகமாக. அந்த வேகப் பரவலுக்கு ஒரு நீண்ட வால் உண்டு. வெப்பநிலை கொஞ்சம் ஏறினால் நடு உடம்பு கொஞ்சம்தான் நகரும், வாலோ பல மடங்கு பருக்கும். திரவத்தின் பிடியை உதறிவிட்டு வெளியேற வேண்டுமானால் வாலில் இருக்கும் மூலக்கூறுகளால்தான் முடியும். 15 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 1.7 கிலோபாஸ்கல், 35 டிகிரியில் 5.6. மூன்று மடங்குக்கும் மேல். நீரைவிட இறுக்கமாகப் பிடித்துவைக்கப்பட்ட சாண்டலாலுக்கு இந்த ஏற்றம் இன்னும் அதிகம். சூட்டில் ‘மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன’ என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். ‘அதிக மூலக்கூறுகள் தப்பித்து வருகின்றன’ என்று சொல்லியிருந்தால் உண்மைக்கு நெருங்கியிருக்கும்.

இதே வால்தான் பூமியிலிருந்து ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களவு கொடுத்துக்கொண்டிருக்கிறது. வளிமண்டலத்தின் உச்சியில் 1,000 கெல்வின் அளவுக்குச் சூடு உண்டு. அங்கே ஒற்றை ஹைட்ரஜன் அணுவின் வேகம் நொடிக்கு ஐந்து கிலோமீட்டர். பூமியை விட்டுத் தப்பிக்க 11 தேவை. சராசரியால் முடியாது, வாலில் உள்ளவற்றால் முடியும். ஆக்சிஜன் அணுவின் வேகம் ஒன்றேகால் கிலோமீட்டர்தான். அதனுடைய வால் 11ஐத் தொடுவதே இல்லை எனலாம். அதனால் ஆக்சிஜன் நம்மோடு இருக்கிறது.

மறுபடியும் சந்தனத்துக்கு வருவோம். மைசூர் அரசின் சந்தன எண்ணெய் ஆலை முதல் உலகப்போரின் பிள்ளை. அதற்குமுன் சந்தனக்கட்டை ஏலத்தில் விற்கப்பட்டுப் பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போய் அங்கே எண்ணெயாகும். 1914இல் போர் வந்தது, கட்டைகள் தேங்கின. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரசர், விஸ்வேஸ்வரய்யா திவான். தொழில்துறையில் இருந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். நம்மவர்களுக்கு அவரைத் தெரியும், சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் வடித்தெடுக்கும் முறையைச் சோதித்துக் கொடுத்தார்கள். 1916, 1917 வாக்கில் எண்ணெய் வடியத் தொடங்கியது. சோப்பு அதற்குப் பின்னால் வந்தது.

எண்ணெய் வடிப்பதன் சூட்சுமம் மோலார் நிறையைப் பற்றியது, அதுவும் பாடநூலில் படித்ததற்கு நேர் எதிராக. சாண்டலாலின் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் மணம் கெட்டுவிடும். எனவே தூளாக்கிய வைரக்கட்டைக்குள் நீராவியைச் செலுத்துகிறார்கள். நீரும் எண்ணெயும் கலக்காதவை. கலக்காத இரண்டும் அவரவர் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே செலுத்தும், இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் சேர்ந்து கொதிக்கும். மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீரே அங்கே 97 டிகிரி சொச்சத்தில் கொதித்துவிடும். அந்தச் சூட்டுக்குள்ளாகவே 300 டிகிரிப் பண்டம் மேலே வந்துவிடுகிறது. வந்துசேரும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சொற்பம். ஆயிரம் நீர் மூலக்கூறுக்கு ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், ஒன்றின் நிறை 18, மற்றதன் நிறை 220. ஆகவே ஒரு கிலோ நீருக்கு 12 கிராம் எண்ணெய் கூட வரும். மூலக்கூறு கனமாக இருப்பது வேகத்துக்குக் கெடுதல், வடிசாலைக்கு லாபம். நாள்கணக்கில் நீராவி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 18க்கு 20 என்ற நிறையுள்ள ஏதோ ஒன்றை இப்படி வடித்தால் விறகுச் செலவுக்குக் கட்டுப்படியாகாது.

தேவராஜா மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் நான் தமிழில் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். ஒரு கையில் மல்லிகை, இன்னொரு கையில் சந்தனம். “மல்லி வாய் ஓயாமப் பேசும் சார். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அடங்கிடும். சந்தனம் இப்பப் பேசாது, ராத்திரிக்குப் பாருங்க” என்றார். மல்லிகை மணத்தில் உள்ள லினலூலின் நிறை 154, பென்சைல் அசிடேட்டின் நிறை 150. சாண்டலாலோடு ஒப்பிட்டால் மூலக் கணக்கில் வேகம் 20 விழுக்காடுதான் கூட. இந்த 20 விழுக்காட்டுக்காக மல்லிகை முந்தவில்லை, ஒரு நாளில் தீர்ந்தும் போகவில்லை. சிறிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடி தளர்வு, தோலின் சூட்டிலேயே கூட்டமாகக் கிளம்பிவிடுகின்றன. லினலூலின் கொதிநிலை 200 டிகிரிக்குள். நிறை வேகத்தைக் கொஞ்சமும் பிடியை நிறையவும் மாற்றுகிறது. வாசனைக்காரர்கள் மேல்சுருதி, அடிச்சுருதி என்று பிரிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பிடியின் வரிசைதான்.

நிறை ஒன்றாக இருந்தால் வேகமும் ஒன்றுதான், செய்யும் வேலை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் எத்திலீனின் நிறை 28, காற்றின் நைட்ரஜனுக்கும் 28. பழுக்கவைக்கும் அறைக்குள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. காய்க்கு ஒன்றைத் தெரியும், மற்றதைத் தெரியாது. 1950இலிருந்து செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தில் பழங்களையும் தானியங்களையும் ஆராய்கிறவர்களுக்கு இது பாலபாடம்.

இனி மைசூரின் இன்னொரு வாயு. ஹுன்சூர் சாலையில் போனால் எல்வால் வரும். 1957 செப்டம்பரில் வினோபாவின் கிராமதான மாநாடு நடந்த ஊர் அது. நேருவும் ராஜேந்திர பிரசாதும் வந்திருந்தார்கள். நிலத்தை மனமுவந்து விட்டுக்கொடுப்பது பற்றிப் பேசிய அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் ரத்னஹள்ளி. 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலை ஒன்று இயங்குகிறது. பெயர் ரேர் மெட்டீரியல்ஸ் புராஜெக்ட். பெயரில் யுரேனியம் இல்லை. வேலை யுரேனியத்தைச் செறிவூட்டுவது. சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு வெளியே உள்ள ஆலை அது. அரிஹந்த் நீர்மூழ்கி 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது. அதன் உலைக்கான எரிபொருள் ரத்னஹள்ளியில் செறிவூட்டப்பட்டது என்றே வெளியில் கிடைக்கும் ஆய்வுகள் எல்லாம் எழுதுகின்றன.

பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் 0.7 விழுக்காடுதான் 235. மற்றது ஏறக்குறைய எல்லாமே 238. வேதியியல் இரண்டுக்கும் ஒன்று. எந்த அமிலம் ஊற்றினாலும் பிரியாது. பிரிப்பதற்குக் கையில் இருக்கும் ஒரே பிடி நிறை. நிறை பேச வேண்டுமானால் வாயுவாக்க வேண்டும். யுரேனியத்தை ஆறு ஃபுளோரினோடு சேர்த்தால் ஹெக்ஸாஃபுளோரைடு. 56 டிகிரியில் திடத்திலிருந்து நேரே வாயுவாகிறது. ஈரம் பட்டால் எதையும் அரிக்கும் அமிலத்தைக் கக்கும். ஆனாலும் அதை விட்டால் கதியில்லை. இதில் இயற்கை செய்த ஓர் உதவியும் இருக்கிறது: ஃபுளோரினுக்கு இயல்பில் ஒரே ஐசோடோப்புதான், நிறை 19. குளோரினைப் போல 35, 37 என்று இரண்டு இருந்திருந்தால் எது யுரேனியத்தின் வித்தியாசம், எது குளோரினின் வித்தியாசம் என்று பிரித்தறியவே முடியாமல் போயிருக்கும். ஆறு ஃபுளோரின் 114. ஆக ஒன்று 349, மற்றது 352.

300 கெல்வினில் இரண்டின் வேகமும் நொடிக்கு 146 மீட்டர். வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை, 60 சென்டிமீட்டர் சொச்சம். 352ஐ 349ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 1.0043. ஸ்காட்லாந்தின் தாமஸ் கிரகாம் 1833இல் பாரிஸ் சாந்து அடைப்புக்குள் வாயுக்களைக் கசியவிட்டுக் கண்ட விதி இது: கசியும் வேகம் நிறையின் மூலத்துக்கு எதிர்விகிதம். அவர் காலத்தில் அதற்கு எந்த அவசரமும் இல்லை. நூற்றுப்பன்னிரண்டு வருடம் கழித்து, 1945இல், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் அந்த விதிக்காகவே அரை மைல் நீளக் கட்டடம் கட்டி முடித்தார்கள். நுண்துளைச் சுவர் ஒன்றைத் தாண்டினால் ஆயிரத்துக்கு நான்கு பங்கு லாபம். அடுத்த சுவர், அடுத்தது என்று ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு சுவருக்கும் வாயுவை அழுத்தித் தள்ளப் பம்புகள். வெப்பநிலை இங்கே உதவாது. 349க்கும் 352க்கும் ஒரே சூடு, விகிதம் எடுக்கும்போது அடிபட்டுப் போகிறது.

ரத்னஹள்ளியின் முறை வேறு, மையவிலக்கு. அதைப் புரிந்துகொள்ள மைசூரின் உயரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கடற்கரையில் இருப்பதில் 92 விழுக்காடு அழுத்தம்தான் மைசூரில். மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. எவ்வளவு சீக்கிரம் மெலிகிறது என்பதை நிறையும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன: கனத்த வாயு கீழே தங்கப் பார்க்கும், சூடு எல்லாவற்றையும் மேலே உதறப் பார்க்கும். அப்படியானால் சாமுண்டி மலைமேல் கனமான ஆக்சிஜன் குறைந்து நைட்ரஜன் கூடியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். அசையாக் காற்றாக இருந்தால் துளியளவு அப்படித்தான் இருக்கும். காற்று சும்மா இருப்பதில்லை, கலக்கிக்கொண்டே இருக்கிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரம்வரை இந்தக் கலக்கல் ஜெயிக்கிறது. மலைமேலும் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான்.

இப்போது புவியீர்ப்பை ஒரு லட்சம் மடங்குக்கு மேல் உயர்த்துங்கள். பத்து சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையைச் சுவர் நொடிக்கு 400 மீட்டர் ஓடும்படி சுற்றினால் அது கிடைக்கும். உருளைக்குள் இருக்கும் வாயு, சுவரைத் தரையாகவும் அச்சை வானமாகவும் கொண்ட ஒரு வளிமண்டலமாகிறது. 352 சுவரோடு சற்று அதிகம் ஒட்டும், 349 அச்சுப் பக்கம் சற்று அதிகம் தங்கும். இங்கே மூலம் இல்லை. கணக்கில் வருவது நிறைகளின் விகிதமல்ல, வித்தியாசம், அந்த 3. அதுவும் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. 400 மீட்டருக்கும் 300 கெல்வினுக்கும் கணக்கிட்டால் ஒரே உருளையில் பத்து விழுக்காடு பிரிவு வருகிறது. சுவர்முறையில் 0.43 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உலகம் ஏன் சுவர்களைக் கைவிட்டு உருளைகளுக்கு மாறியது என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. வர்ஜீனியாவின் ஜெஸ்ஸி பீம்ஸ் 1930களிலேயே மையவிலக்கில் குளோரின் ஐசோடோப்புகளைப் பிரித்துக் காட்டியிருந்தார். உருளையை நம்பகமாகச் சுழற்ற முடியாததால் போர்க்கால அமெரிக்கா அதை ஒதுக்கியது. பிறகு சோவியத் கைதியாக இருந்த ஆஸ்திரியர் கெர்னாட் சிப்பே அதை ஒழுங்காகச் சுழல வைத்தார்.

வெப்பநிலை இங்கே மறுபடியும் கணக்கில் நுழைகிறது, ஆனால் எதிரியாக. சூடு என்றால் மூலக்கூறின் தறிகெட்ட ஓட்டம், ஓட்டம் கூடினால் பிரிந்ததெல்லாம் கலந்துபோகும். முப்பது டிகிரி ஏறினால் பத்து விழுக்காடு ஒன்பதாகிவிடும். குளிர்வித்தால் நல்லது, ஆனால் ஹெக்ஸாஃபுளோரைடு உறைந்து திடமாகும். ஆகவே அழுத்தத்தை மிகவும் தாழ்த்தி, வாயுவாகவே தக்கவைத்து, அளவான சூட்டில் சுற்றுகிறார்கள். சந்தன ஆலையில் சூடு கூட்டாளி. ரத்னஹள்ளியில் அதே சூட்டை எல்லைக்குள் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஊரில், இருபது கிலோமீட்டருக்குள்.

ஓர் ஆலையைப் பற்றி மைசூர் ஓயாமல் பேசும், சோப்பு உறையில் பெயர் போடும், சுற்றுலாப் பயணியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டும். மற்றதைப் பற்றிப் பேசுவதில்லை. பாதுகாப்புக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. உருளையை எந்த உலோகத்தில் செய்வது, எந்தத் தாங்கியில் நிறுத்துவது, எப்படி அதிராமல் சுற்றுவது என்பதெல்லாம் சொல்லக்கூடாத விஷயங்கள்தாம். நிறையும் வெப்பநிலையும் மூலக்கூறை என்ன செய்கின்றன என்பது அப்படியல்ல. அது 1833இலும் 1860இலும் அச்சாகிவிட்டது, நம் பள்ளிகளில் தமிழிலேயே சொல்லித்தரப்படுகிறது. இருந்தும், இந்தியாவின் மிகக் காவல் மிகுந்த ஆலைகளில் ஒன்று அந்தப் பாடத்தின்மேல்தான் நிற்கிறது என்று எந்த வகுப்பிலும் சொல்லிக் கேட்டதில்லை. ஊதுபத்தி போதும் என்று விட்டுவிட்டோம், அதையும் சரியாகச் சொல்லவில்லை.

இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொடுத்து, விடை நான்கு என்று வரவழைக்கும் அந்தப் பழைய கிரகாம் கணக்கோடு இன்னொன்றையும் கொடுங்கள்: 349, 352. விடை 1.0043 வரும். இவ்வளவுதானா என்று யாராவது கேட்பார்கள். அப்போது கர்நாடக வரைபடத்தை விரித்து, மைசூருக்கு வடமேற்கே ரத்னஹள்ளி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.